மூன்றாம் ஓலைக்கு முன்

மூன்றாம் ஓலைக்கு இன்னும் எழுபத்தொரு மணித்தியாலம் இருந்தது. அன்று வியாழக்கிழமை, காலை எட்டு மணி. ஞாயிறு ஏழு மணிப் பூசையில் சுவாமி பிரசங்கத்தை முடித்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, மாகிரட்டின் பெயரையும் றொபேட்டின் பெயரையும் கடைசித் தடவையாக வாசிப்பார். இவர்கள் கலியாணம் முடிக்கத் தடை ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் அதை அறிவிக்கக் கடவர் என்பார். இரண்டு ஞாயிறு அப்படி வாசித்தாயிற்று. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தடையை அறிந்த ஒரே ஆள் அந்த இரண்டு தடவையும் கோயிலில் இல்லை. தன் ஓலை வாசிக்கிற பூசையில் பெண் இருப்பது வெட்கம் என்று அந்தப் பங்கில் ஒரு வழக்கம் இருந்தது. மாகிரட் விடியற்பூசைக்குப் போய்வந்துவிட்டு, அந்த நேரம் பாலையூற்று வீட்டின் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

இப்போது அவள் உயர்தர வகுப்பில் நின்றாள். விலங்கியல் பாடம். பதினொரு பிள்ளைகள். படிப்பிக்க வந்து இரண்டு வருடமாகியும் அவளுடைய குரல் மூன்றாவது வாங்கைத் தாண்டுவதில்லை. பிள்ளைகளே முன்னுக்கு நெருங்கி இருந்து பழகிவிட்டார்கள்.

கலத்துக்குள் புரதம் எப்படிக் கோக்கப்படுகிறது என்பதைப் போன கிழமை சொல்லியிருந்தாள். தூது ஆர்.என்.ஏ. என்ற நாடாவை றைபோசோம் மூன்று மூன்று எழுத்தாக வாசித்துப் போகும். ஒவ்வொரு மூன்றெழுத்துச் சொல்லுக்கும் ஓர் ஆள் தன்னுடைய அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து ஏறும். கொண்டுவந்ததைச் சங்கிலியில் கோத்துவிட்டுப் போகும். அறுபத்து நான்கு சொற்களில் அறுபத்தொன்றுக்கு அப்படி ஆள் உண்டு. மிச்சம் மூன்றுக்கு ஆள் இல்லை. அந்த மூன்றில் ஒன்று வந்தால் கோவை முடியும். இன்றைய பாடம் அந்த முடிவு.

"ரீச்சர், ஆள் வராட்டிச் சங்கிலி அந்தரத்தில தொங்கிக்கொண்டெல்லோ நிக்கும்?" என்று கேட்டாள் சித்தி பரீதா. அவள் கிண்ணியாப் பிள்ளை. ஒவ்வொரு நாளும் பாதையேறி வருகிறவள். ஆட்களையும் வாகனங்களையும் சுமந்து இரண்டு கரைக்கும் போய்வருகிற பெரிய மிதவையைத்தான் அங்கே பாதை என்பார்கள்.

"தொங்காது. வேற ஒண்டு வரும்," என்றாள் மாகிரட். "விடுவிப்புக் காரணி எண்டு பேர். அதுவும் ஒரு புரதம். மற்றவை ஏறுற அதே இடத்தில வந்து இருக்கும். ஆனா கையில ஒண்டும் கொண்டுவராது. ஒரு நீர் மூலக்கூறை வைச்சுக் கடைசிப் பிணைப்பை அறுத்துவிடும். சங்கிலி கழண்டு போகும். பிறகு றைபோசோமும் இரண்டு துண்டாப் பிரிஞ்சு அடுத்த வேலைக்குப் போகும்."

பரீதா கொஞ்ச நேரம் கரும்பலகையைப் பார்த்தாள். "ஆ, விளங்கிட்டுது. பாதை கரை தட்டினாப் பிறகு ஏற ஒருத்தரும் வாறேல்லை. முன்பக்கத்துச் சங்கிலியைக் கழட்டுறவர்தான் வருவார். அவர் கழட்டினாத்தான் சனம் இறங்கலாம்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்கட பாதையில அது றொபேட் அண்ணன்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. மாகிரட்டுக்குக் காது சுட்டது.

"ரீச்சர், அவர் இப்ப எங்களையெல்லாம் நல்லா மதிக்கிறார். ஓடிவாறதைக் கண்டா பாதையைப் பிடிச்சு வைச்சிருக்கிறார். எல்லாம் ரீச்சரின்ர ஓலைக்குப் பிறகுதான்."

"கதையை விட்டுட்டு எழுதுங்கோ."

பின் வாங்கில் இருந்து மைமூனா கையை உயர்த்தினாள். அவள் கேள்வி கேட்பது குறைவு. "ரீச்சர், நடுத் தண்ணியில வைச்சுச் சங்கிலியைக் கழட்டினால்?"

"கழட்டினா நீ குளிச்சுக்கொண்டு பள்ளிக்கூடம் வருவாய்," என்றாள் பரீதா.

மறுபடியும் சிரிப்பு. மாகிரட் சிரிக்கவில்லை. சோக்கட்டியைக் கீழே வைத்தாள்.

"அப்பிடியும் நடக்கிறது," என்றாள். "நாடாவில ஒரெழுத்துப் பிழைச்சால், முடிவுச் சொல் இடையில வந்திடும். எங்கட இரத்தத்தில ஈமோகுளோபினுக்கு ஒரு சங்கிலி இருக்கு. நூற்று நாற்பத்தாறு அமினோ அமிலம் கோக்க வேணும். சில பேரில அது பதினேழாம் இடத்திலேயே நிண்டு போகுதெண்டு போன வருசம் கண்டுபிடிச்சிருக்கினம். அரைகுறைச் சங்கிலி ஒண்டுக்கும் உதவாது. உடைஞ்சு போகும்."

"அப்ப அந்தக் கழட்டுறவருக்குத் தெரியாதோ, இது கரையில்லையெண்டு?"

"தெரியாது. சொல்லைக் கண்டா அது வரும், கழட்டும். அதின்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது."

"பாவம்," என்றாள் மைமூனா. யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை.

மணி அடித்தது.

அந்தப் பாடத்தை மாகிரட் புத்தகத்தில் படித்தது பேராதனையில். ஆனால் அதற்கு முன்பே அது அவளுடைய வீட்டுக்குள் வந்துவிட்டது.

ஆறு வருடத்துக்கு முன் அவளுடைய அண்ணன் இராஜநாயகம், தாய்மாமன் மகள் ஐவியை முடித்தான். பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்று பேச்சு. ஐவியை இங்கே தருகிறோம், மாகிரட் படித்து முடித்த பிறகு ஐவியின் தம்பி றொபேட்டுக்குக் கொடுங்கள் என்று இரண்டு வீடும் அன்றைக்கே ஒப்புக்கொண்டன. மாகிரட்டிடம் ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருக்கக்கூடியது ஓம் ஒன்றுதான். றொபேட் மச்சான் சிரிக்கும்போது ஒரு பக்கத்துக் கண் மட்டும் சுருங்கும். அதை அவள் பதினைந்து வயதிலேயே கவனித்து வைத்திருந்தாள்.

அண்ணனுக்கும் ஐவிக்கும் ஜெசிந்தா பிறந்தாள். ஏழாம் மாதத்தில் வெளிறத் தொடங்கினாள். முருங்கைக்கீரை அவித்து, ஈரலைச் சூப்பாக்கி, வேளாங்கண்ணிக்கு நேர்ந்து, எல்லாம் செய்து பார்த்தார்கள். கடைசியில் கண்டி ஆஸ்பத்திரியில் விளங்கியது. பிள்ளையின் உடம்பில் இரத்தம் சரியாக ஊறாது. ஐந்து கிழமைக்கு ஒரு தடவை பிறர் இரத்தம் ஏற்றவேண்டும். தாயிடமும் தகப்பனிடமும் அந்தப் பிழை அரைவாசி இருக்கிறது, அவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, இரண்டு அரையும் ஒரு பிள்ளையில் சேர்ந்தால் இப்படி என்று டொக்டர் சொன்னார். நாலில் ஒன்று என்றார்.

அதே வருடம் மாகிரட் பேராதனையில் ஒரு செய்முறை வகுப்பில் இருந்தாள். மாணவர்கள் தங்கள் விரலைக் குத்தித் தங்கள் இரத்தத்தையே சோதிக்கும் வகுப்பு. ஈமோகுளோபினை மின்னோட்டத்தில் ஓடவிட்டால் ஈரக் கடதாசியில் கோடு கோடாகப் பிரியும். அவளுடைய கடதாசியில் மங்கலாக இருக்கவேண்டிய ஒரு கோடு தடிப்பாக இருந்தது. செய்முறை காட்டியவர் இரண்டாம் தரமும் ஓட்டிப் பார்த்தார். "உமக்கு ஒரு நோய் வருத்தமும் வராது. ஆனால் கலியாணம் முடிக்கிற ஆளைப் பார்த்து முடியும்," என்றார். அவள் அந்தக் கடதாசியை அங்கேயே கிழித்துப் போட்டாள்.

அதோடு நின்றிருக்கலாம். அடுத்த தடவை கண்டிக்குப் போனபோது பிள்ளையைத் தூக்க றொபேட்டும் கூடப் போனான். டொக்டர் அவனுடைய இரத்தத்தையும் எடுத்தார். மூன்று கிழமையில் தபாலில் ஒரு துண்டு வந்தது. இங்கிலிசுத் துண்டு. அந்த வீட்டில் இங்கிலிசுக் கடதாசி வந்தால் மாகிரட் வாசிப்பாள், மற்றவர்கள் கேட்பார்கள். விடுமுறைக்கு வந்திருந்த அவள் வாசலில் நின்று அதை வாசித்தாள். ஐவி குசினியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள்.

"என்னவாம்?"

"மச்சானுக்கு ஒரு வருத்தமும் இல்லை," என்றாள் மாகிரட்.

அது பொய்யில்லை. துண்டில் அப்படியும் ஒரு வரி இருந்தது. அதற்கு மேலே இருந்த வரியை அவள் வாசித்துக் காட்டவில்லை. ஐவி சிலுவை போட்டுக்கொண்டு, அடுப்பில் பால் பொங்குகிறதென்று ஓடினாள். மேலேயிருந்த வரியைச் சொல்ல மாகிரட்டுக்கு அதன்பின் எத்தனையோ நாள் கிடைத்தது. நாளாக நாளாக அது பாரமாகிக்கொண்டே வந்தது.

கலியாணப் பேச்சு எழுந்தபோது, உரித்து மச்சானும் மச்சாளும் என்றபடியால் கோயிலில் அனுமதி எடுக்கவேண்டியிருந்தது. சுவாமி எழுதிப்போட, மறைமாவட்டத்து மேற்றிராணியாரிடமிருந்து கடிதம் வந்தது. இரத்த உறவுத் தடை நீக்கப்பட்டது என்று அதில் இருந்தது. ஐவி அந்தக் கடிதத்தை மாதா படத்துக்குக் கீழே வைத்து மெழுகுதிரி கொளுத்தினாள்.

"இரத்தத்தில இருந்த தடையை ஆண்டவரே நீக்கிப்போட்டார். இனியென்ன?" என்றாள்.

சுவாமி பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பது முறை. கேட்டார். தடை ஒன்றும் இல்லையென்று மாகிரட் கையெழுத்து வைத்தாள். அவளுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. நாலில் ஒன்றுதானே, மிச்சம் மூன்றும் நல்லதுதானே என்று ஒரு நாள் நினைப்பாள். மறுநாள், பிள்ளையே வேண்டாம் என்று இருந்துவிடலாம், மலடி என்ற பேரைக் கேட்டுக்கொண்டு இருந்துவிடலாம், காரணத்தை ஒருவரும் அறியத் தேவையில்லை என்று நினைப்பாள். அந்த இரண்டாவது நினைப்பில்தான் அவளுக்கு நித்திரை வந்தது.

சொல்லப் பயந்தது கலியாணம் நின்றுவிடும் என்பதற்காக மட்டுமல்ல. இரண்டு வருடத்துக்கு முன், அடுத்த வளவுத் தங்கரத்தினம் ஐவியின் முகத்துக்கு நேரே ஒரு கதை சொன்னாள். இந்தப் பிள்ளை படுகிற பாட்டைப் பார்த்தால் பிறவாமலே இருந்திருக்கலாம் என்றாள். இரக்கப்பட்டுத்தான் சொன்னாள். இரண்டு வளவுக்கும் போய்வருகிற வேலிப் பொட்டை ஐவி அன்றைக்கு அடைத்தாள். இன்றுவரை திறக்கவில்லை. இப்போது மாகிரட் போய், உன் தம்பியை முடிக்கமாட்டேன், உன் பிள்ளையைப் போல ஒன்று எனக்குப் பிறந்துவிடும் என்று சொல்லவேண்டும். எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை ஜெசிந்தாவுக்கு இரத்தம் ஏற்றும் நாள். பள்ளிக்கூடம் விட்டு மாகிரட் நேரே ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிள்ளை சாய்ந்து படுத்திருந்தாள். ஐந்து வயது. கன்ன எலும்பு தூக்கி, மூக்கு அமர்ந்து, அந்த வருத்தக்காரப் பிள்ளைகளுக்கெல்லாம் வருகிற முகம் அவளுக்கும் வந்துகொண்டிருந்தது. போத்தலிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவதை எண்ணிக்கொண்டிருந்தாள். நாற்பதுக்கு மேல் எண்ணத் தெரியாது. நாற்பது வந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவாள்.

"மாமி, இது ஆற்றை இரத்தம் தெரியுமோ? அலியார் கடைக்காரற்றை. நேர்ஸ் சொன்னவ. இனி நான் கடையில மிட்டாய் சும்மா எடுக்கலாம்."

"எடுத்துப் பார், காதைத் திருகுவார்," என்றாள் ஐவி.

"திருக ஏலாது. அவற்றை இரத்தம் என்னட்டை இருக்கு."

வேலை முடித்து றொபேட் வந்தான். காக்கிச் சட்டையில் கிறீஸ் வாடை. பிள்ளையின் காலைப் பிடித்துக் கிச்சுக்கிச்சு மூட்டினான். பிறகு மாகிரட்டைப் பார்த்து விறாந்தைப் பக்கம் கண்ணைக் காட்டினான். அவள் எழுந்து போனாள்.

"நீர் ஒரு மாதமா என்னோட சரியாக் கதைக்கிறேல்லை," என்றான். "என்னைப் பிடிக்கேல்லையெண்டாச் சொல்லும். பட்டதாரிக்குப் பாதைக்காரன் எண்டு ஊரும் சிரிக்குதுதானே."

"அப்பிடியெல்லாம் இல்லை."

"அப்ப என்ன?"

அவள் சொல்ல வாயெடுத்தாள். றொபேட் காத்திருந்துவிட்டு, அவளுடைய வெட்கம் என்று எண்ணிக்கொண்டு சிரித்தான். ஒரு பக்கத்துக் கண் சுருங்கியது.

"எனக்கு ஒண்டுதான் வேணும், மாகிரட். ஜெசியைப் போல வாய்க்காரி ஒருத்தி. ஆனா ஓடித் திரியிற மாதிரி. பாதையில ஏத்திக்கொண்டு போய்க் கிண்ணியாவில விட்டால், அவ திருப்பி நீந்தி வரவேணும்."

மாகிரட் விறாந்தைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மலடி என்ற பேரைத் தாங்குவது அவள் ஒருத்தியின் காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். அந்த நினைப்பு அந்த இடத்திலேயே உடைந்தது. பிள்ளையில்லாமல் அவன் ஒவ்வொரு வருடமும் காத்திருப்பான். ஏனென்று தெரியாமல் காத்திருப்பான்.

"ஒண்டும் சொல்லாமல் நிக்கிறீர்?"

"பிறகு சொல்லுறன்," என்றாள்.

சனிக்கிழமை பின்னேரம் ஐவி தையல் மெசினில் இருந்தாள். ஜெசிந்தாவின் வெள்ளைச் சட்டை. கலியாணப் பொம்பிளைக்கு முன்னால் பூப் போட்டுக்கொண்டு நடக்கப்போகிறவள் அவள். போன மாதம் அளவெடுத்துத் தைத்தது இன்று இடுப்பில் ஏறவில்லை. மண்ணீரல் வீங்கி வயிறு தள்ளியிருந்தது. ஐவி ஒன்றும் சொல்லாமல் தையலைப் பிரித்து ஓரத்துணியை வெளியே விட்டாள்.

மாகிரட் கீழே பாயில் இருந்து நூல் எடுத்துக் கொடுத்தாள். இன்னும் பதினாலு மணித்தியாலம்.

"நான் உனக்கு இதுவரைக்கும் சொல்லேல்லை," என்றாள் ஐவி, மெசினை நிறுத்தாமல். "நானும் கொண்ணனும் இனிப் பிள்ளை வேண்டாமெண்டு விட்டிட்டம். நாலில ஒண்டெண்டு டொக்டர் சொன்னவர். அந்த ஒண்டைத் திரும்பவும் ஊசியோட பார்க்க எனக்கு ஏலாது. ஜெசி எத்தினை வருசமெண்டும் தெரியாது. சொல்லினமில்லை."

"மச்சாள்..."

"பொறு. நான் அழேல்லை. சந்தோசமாத்தான் சொல்லுறன். உன்ர பிள்ளையளைத்தான் நான் வளர்க்கப் போறன். நீ பள்ளிக்கூடம் போ, எனக்கு விட்டுட்டுப் போ. ஒண்டும் இல்லாத வீட்டில இருக்க எனக்குப் பயம்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "றொபேட்டுக்கும் இருக்குமோ எண்டு எனக்கு எவ்வளவு பயம் தெரியுமோ. அண்டைக்கு நீ துண்டை வாசிச்சு ஒண்டுமில்லை எண்டு சொன்ன பிறகுதான் சுவாமியிட்டைக் கதைக்கவே போனனான். இல்லாட்டி நான் விட்டிருப்பனே?"

மாகிரட்டின் மடியிலிருந்து நூற்கட்டை உருண்டு பாயில் விழுந்தது.

வாசலில் சைக்கிள் சாத்தும் சத்தம். றொபேட் ஒரு கோர்வை மீனோடு உள்ளே வந்தான். தண்ணீர் சொட்டாமல் கோர்வையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிலையில் சாய்ந்தான். அவனைக் கண்டதும் அறையிலிருந்து ஜெசிந்தா வந்தாள். நேற்று ஏறிய இரத்தத்தில் உதடு சிவந்திருந்தது. இரண்டு மூன்று கிழமைக்கு அப்படி இருக்கும்.

"மாமா, நீங்களும் மாமியும் கலியாணம் கட்டினா எனக்குத் தங்கச்சி வருமாம். அம்மா சொன்னவ."

"வரும். உன்னை விட வாய்க்காரியா வரும்."

ஜெசிந்தா யோசித்தாள். "அவவுக்கும் ஊசி குத்துவினமோ?"

ஐவிதான் முதலில் சிரித்தாள். பிள்ளையை இழுத்து மடியோடு அணைத்தாள்.

"இல்லையடி குஞ்சு. மாமியின்ர பிள்ளைக்கு ஊசி இல்லை. மாமி படிச்சவவெல்லோ, வேணுமெண்டாக் கேட்டுப் பார்."

ஜெசிந்தா திரும்பினாள். "ஓமோ, மாமி?"

மாகிரட் எழுந்தாள். கால் விறைத்திருந்தது. பிள்ளையின் தலையைத் தடவினாள். தலைமுடி மெல்லிசாக, ஈரமாக இருந்தது.

"ஜெசி, கோழிக்கு இன்னும் அரிசி போடேல்லை. போட்டுட்டு வாங்கோ."

"சொல்லிப்போட்டு அனுப்புங்கோ."

"போட்டுட்டு வாங்கோ, குஞ்சு. எல்லாக் கோழிக்கும் போட வேணும்."

பிள்ளை அரிசி அளக்கிற சுண்டு நிறைய எடுத்து, அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், மெதுவாக வெளியே போனாள். அவள் படியிறங்கும் வரை மாகிரட் பார்த்துக்கொண்டு நின்றாள். கோழிகள் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

ஐவியின் கால் மெசின் மிதியில் நின்றுவிட்டது. சிரிப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

"ஏன் பிள்ளையை வெளியில அனுப்பினனி?"

மாகிரட் றொபேட்டைப் பார்த்தாள். பிறகு ஐவியைப் பார்த்தாள். குரல் எழும்பாது என்று பயந்தாள். எழும்பியது. வகுப்பில் மூன்றாவது வாங்கைத் தாண்டாத குரல் முற்றம் வரை கேட்டது.

"மச்சாள், அண்டைக்கு அந்தத் துண்டில ஒரு வரியை நான் வாசிக்காமல் விட்டனான். மச்சானிட்டையும் அது இருக்கு. என்னட்டையும் இருக்கு."